ஒரு கணிதச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? ‘சைன்’ சொல்லோடு ஒரு முழுமையான வழிகாட்டி

‘சைன் என்றால் வளைகுடா. வரைபடம் வளைந்து வளைந்து போவதால் அந்தப் பெயர் வந்தது.’

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணிதச் சொற்களின் வேர் தேடுகிறேன். பாடசாலைக் கணித மன்றச் சஞ்சிகைக்கு எழுத வருபவர்கள் முதல் வாரம் பெரும்பாலும் கொண்டுவருவது மேலே உள்ள இரண்டு வசனங்களைத்தான். முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவது முழுப் பிழை.

பிள்ளைகளிடம் கெட்டித்தனம் இருக்கிறது. படிகளின் வரிசைதான் மாறிப்போகிறது. போனை எடுத்து, சொல்லைத் தட்டி, முதலில் வருவதைக் கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தால் நடுவில் இருக்கும் எதையும் சோதிக்க முடியாது. அதனால் திரிகோண கணிதத்தில் வரும் ‘சைன்’ (sine) என்ற ஒரே சொல்லை எடுத்து, என்ன வரிசையில் போக வேண்டும், எங்கே வழுக்கும் என்று எழுதுகிறேன். மற்றச் சொற்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, அடிமட்டம், கவராயம், பாகைமானி, கணிகருவி. சொல் ஆராய்ச்சிக்குக் கவராயம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். முதலாம் படியில் தெரியும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை ஐந்து நிரலாகப் பிரியுங்கள்: மொழி, சொல், அந்த மொழியில் அதன் சாதாரணப் பொருள், காலம், எப்படி வந்தது. கடைசி நிரலை அகலமாக விடுங்கள். பிழைகள் பிடிபடுவது அங்கேதான்.

அகராதிகளில் தமிழுக்கு இரண்டு வேண்டும். ஒன்று, 1842இல் அச்சான மானிப்பாய் அகராதி. ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அது எங்கள் மண்ணிலேயே தொகுக்கப்பட்டது. மற்றது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. திராவிட மொழிகளின் வேர்ச்சொற்களுக்குப் பரோவும் எமனோவும் தொகுத்த அகராதி, 1984ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு. சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ், 1899ஆம் ஆண்டுப் பதிப்பு. பேரகராதி, திராவிட வேர் அகராதி, மோனியர் வில்லியம்ஸ் மூன்றும் இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடியவை.

பழைய பாடநூலோ சொற்றொகுதியோ தேவைப்பட்டால் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் மனம் சோர வேண்டாம். 1981இல் அந்தக் கட்டடத்தோடு எரிந்துபோனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய அச்சுகள் பல ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

1. சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளை வரையுங்கள்

6 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் வரையுங்கள். மையத்தில் 60 பாகைக் கோணம் எடுத்து, இரு கைகளும் வட்டத்தைத் தொடும் புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். கோட்டின் நீளம் 6 சென்ரிமீற்றர் வரும். அதன் நடுப்புள்ளியைக் குறித்து மையத்தோடு இணைத்து, அந்தக் கோட்டை வட்டம் வரைக்கும் நீட்டுங்கள்.

இப்போது தாளைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். வட்டத்தின் அந்தத் துண்டு வில். நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குப் போகும் சிறு கோடு, நாணேற்றிய வில்லில் வைத்த அம்பு. அளந்தால் அம்பு 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்.

அரை நாண் 3 சென்ரிமீற்றர். அது நிற்பது 30 பாகைக்கு எதிரே. 3ஐ 6ஆல் வகுத்தால் 0.5. கணிகருவியில் 30 பாகையின் சைன் பெறுமானமும் அதுவே. ஆக, சைன் என்பது அரை நாண்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடசாலையில் நாங்கள் சைனைப் படிப்பது செங்கோண முக்கோணியில், எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்து. அந்தச் சொல் பிறந்த இடமோ வட்டம். முக்கோணியை மனதில் வைத்துக்கொண்டு வேர் தேடுகிறவருக்கு ‘வில்நாண்’ என்ற பொருள் அகராதியில் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் பிடிபடாது, ‘இது வேறெதுவோ’ என்று தாண்டிப் போய்விடுவார். படம் வரைந்தவர் தாண்டமாட்டார்.

2. இன்று வழங்கும் பெயர்களை ஒரே இடத்தில் எழுதுங்கள்

இது சின்ன வேலை, ஐந்து நிமிடம் போதும். சைன் என்ற சொல்லை மட்டும் எழுதாமல் அதன் சுற்றத்தையும் எழுதுங்கள்: வில், நாண், கோசைன், தொடலி (tangent), ஆரை. தமிழகப் பாடநூல்களில் வேறு சொல் இருந்தால் பக்கத்தில் போடுங்கள். நாங்கள் ஆரை என்பதை அவர்கள் ஆரம் என்பார்கள். எங்கள் முக்கோணி அங்கே முக்கோணம், எங்கள் தொடை அங்கே கணம், எங்கள் தாயம் அங்கே அணி.

தமிழிலேயே இரண்டு சொல் இருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஆக்கியவை அவை என்று பொருள். பட்டியலில் எவை ஆக்கிய சொற்கள், எவை ஒலியோடு வந்த சொற்கள் என்று இப்போதே ஒரு குறி போட்டுவைத்தால் 9ஆம் படியில் உதவும்.

3. பக்கத்து மொழியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள்

தமிழில் ‘சைன்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு இலத்தீனிலிருந்து, ‘சினுஸ்’ என்ற சொல்லாக. இலத்தீனுக்கு அரபிலிருந்து. அரபுக்குச் சமஸ்கிருதத்திலிருந்து. நிரலில் ஒவ்வொன்றாக நிரப்புங்கள். ஒரு மொழியைத் தாண்டி அடுத்ததற்குப் பாயக் கூடாது.

‘கடைசியில் சமஸ்கிருதம்தானே, அதை எழுதினால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சமஸ்கிருதத்தில் இதற்கு வழங்கிய ‘ஜ்யா’ என்ற சொல்லையும் ‘சைன்’ என்ற சொல்லையும் அருகருகே வைத்தால் ஓர் ஒலிகூட ஒத்துப்போகவில்லை. நடுவில் நடந்ததைச் சொல்லாமல் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொன்னால் வாசகர் நம்ப வேண்டிய தேவையில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் அது சங்கிலியே இல்லை.

சமஸ்கிருதத்தில் தொடங்கிய இடத்தையும் நிரப்பிவிடலாம். ‘ஜ்யா’ என்றால் வில்நாண். பழைய இந்தியக் கணித, வானியல் அறிஞர் ஆரியபடர் அரை நாணுக்கு ‘அர்த்தஜ்யா’ என்ற சொல்லை வழங்கினார், அதாவது நாணில் பாதி. அதையே சுருக்கி வெறும் ‘ஜ்யா’ என்றும் எழுதினார். ‘செல்போன்’ என்பதில் செல்லை விட்டுவிட்டுப் ‘போன்’ என்று நாங்கள் சொல்வதைப் போலத்தான். அதே பொருளில் ‘ஜீவா’ என்ற வடிவமும் வழங்கியது. அரபுக்குப் போனது இந்த ஜீவா.

4. ஒவ்வொரு மூட்டிலும் கேளுங்கள்: ஒலி வந்ததா, பொருள் வந்ததா?

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சொல் மொழி மாறும்போது பெரும்பாலும் இரண்டு வழியில் போகும். ஒலி அப்படியே போகலாம், ‘சைன்’ தமிழுக்கு வந்ததைப் போல. அல்லது பொருளை எடுத்துக்கொண்டு புது மொழியில் வேறு சொல்லைப் போடலாம். ‘தொடலி’ அப்படிப்பட்டது. இலத்தீனில் ‘தொடுவது’ என்ற பொருளுள்ள சொல்லைத் டென்மார்க்குக் கணித அறிஞர் தோமஸ் ஃபின்க் 1583இல் கணிதப் பெயராக வைத்தார். தமிழில் அந்தப் பொருளை எடுத்துத் தொடலி ஆக்கினார்கள். ஒலியில் ஒற்றுமை எதுவும் இல்லை, ஆனாலும் உறவு உண்மையானது.

சைனின் பாதையில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. சமஸ்கிருத ‘ஜீவா’ அரபில் ‘ஜீப’ ஆனது. அது ஒலி. அரபில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை. பிறகு அது ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது. ஜைப் என்றால் உடுப்பின் கழுத்துப் பக்கத் திறப்பு, மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு நூல்களை இலத்தீனாக்கியவர்கள் இந்தப் பொருளைப் பிடித்தார்கள். உடுப்பின் மடிப்பு, மார்பு, வளைகுடா என்ற பொருள்களுள்ள ‘சினுஸ்’ என்ற இலத்தீன் சொல்லைப் போட்டார்கள். அது பொருள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மறுபடி ஒலி.

அதாவது பிள்ளைகள் கொண்டுவரும் ‘வளைகுடா’ உண்மையில் ஓர் உடுப்பின் மடிப்பு. இலத்தீன் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே இருக்கும் பல பொருள்களில் வளைகுடாவைத் தேர்ந்தெடுத்தது பின்னால் வந்தவர்களின் கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னை ஒரு வாரம் மகிழ்ச்சியில் வைத்திருந்தது. அதே ஜைப் இந்துஸ்தானியில் ‘ஜேப்’ என்று சட்டைப்பைக்குப் பெயரானது. அங்கிருந்து தமிழுக்கு வந்து ‘ஜேபி’ ஆனது. இந்தியச் சஞ்சிகைகளில் ‘ஜேப்படித் திருடன்’ என்று வாசித்திருப்பீர்களே, அந்த ஜேப்தான். யாழ்ப்பாணத்தில் பொக்கற் என்றுதான் சொல்வோம். ஆனால் வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஜைப் என்றால் பொக்கற் என்று உடனே சொல்வார்கள். அரபு நாட்டுப் பாடசாலைகளில் சைனுக்கும் இன்றுவரை ஜைப் என்பதே பெயர்.

கடைசி நிரலில் ‘ஒலி’ அல்லது ‘பொருள்’ என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். ஒலி என்று எழுதினால் ஒலிகள் ஒத்துப்போக வேண்டும். பொருள் என்று எழுதினால் இரண்டு மொழியிலும் சாதாரணப் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த மூட்டு பொய்.

பழகிப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு: சைபர். சமஸ்கிருத ‘சூன்ய’ என்றால் வெறுமை. அரபில் அதற்கு வெறுமை என்ற பொருளுள்ள ‘சிஃப்ர்’. இது பொருள். சிஃப்ரிலிருந்து ஒரு கிளை ஐரோப்பா வழியாகச் ‘சைபர்’ ஆனது, இன்னொரு கிளை ‘சீரோ’ ஆனது. இரண்டும் ஒலி. சூனியம் என்ற சொல் நேராகவே தமிழுக்கு வந்திருக்கிறது. சூனியமும் சைபரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒலியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உறவு ஒருபோதும் தெரியாது.

5. எழுத்து முறையைச் சோதியுங்கள்

ஜீப எப்படி ஜைப் ஆனது என்ற மூட்டை விளக்கக் காதைவிடக் கண் அதிகம் உதவும். அரபில் குற்றுயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. ‘ஈ’ என்ற நெடிலுக்கும் ‘ஐ’ என்ற ஒலிக்கும் ஒரே யகர எழுத்து. ஆகவே ஜீப் என்றாலும் ஜைப் என்றாலும் தாளில் இருப்பது ஜ, ய, ப என்ற மூன்று எழுத்துகள். பொருளே இல்லாத ஒரு சொல்லாகப் படிப்பதா, தெரிந்த சொல்லாகப் படிப்பதா? கண் தெரிந்ததைத்தான் எடுக்கும்.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நான் ஏட்டுச்சுவடியைக் காட்டுவேன். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளி போடமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஏட்டில் ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே வடிவம். எந்தச் சொல் என்று வாசிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஏடு படித்த எங்கள் பெரியவர்கள் தினம் செய்த வேலை அது. அரபு வாசகரும் அதைத்தான் செய்தார்.

இங்கே எழுதுபவர்கள் வழக்கமாக விடும் பிழை ஒன்று: ‘இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் பிழையாக மொழிபெயர்த்துவிட்டார்’. அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். அரபிலேயே ஜைப் என்று நிலைத்துவிட்ட சொல்லின் பொருளை அவர் நேர்மையாக இலத்தீனில் வைத்தார். வாசிப்பு மாறியது அதற்கு முந்திய மூட்டில். எந்த மூட்டில் நடந்ததோ அந்த வரியில் எழுதுங்கள்.

6. அகராதியில் சரியான தலைச்சொல்லை எடுங்கள்

ஒரு மாணவி ‘சைன் என்றால் உயிர்’ என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அழகான கையெழுத்து, உயிர்த்துடிப்பும் அலையும் பற்றி நல்ல வசனங்கள். அகராதியில் அவள் பார்த்தது குறில் அகரத்தில் முடியும் ‘ஜீவ’. பார்க்க வேண்டியது நெடில் ஆகாரத்தில் முடியும் ‘ஜீவா’. முன்னது உயிர், பின்னது வில்நாண். ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பக்கம் போனது. அவள் அன்று மாலையே திரும்ப எழுதினாள், அந்தக் கட்டுரைதான் சஞ்சிகையில் வந்தது.

‘ஜ்யா’விலும் இதே சங்கடம். வில்நாண் என்று ஒரு தலைச்சொல், பூமி என்று இன்னொரு தலைச்சொல். அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் படித்து, ‘கேத்திரகணிதத்தில்’ என்ற குறிப்பு எதற்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குறிப்பே உங்கள் அத்தாட்சி.

7. அக்கம்பக்கச் சொற்களையும் எண்களையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்

ஒரு சொல் தனியே நின்று சொல்லும் கதையை நம்பாதீர்கள். அதன் அயலவரும் அதே கதையைச் சொல்ல வேண்டும்.

வட்டத்தின் துண்டுக்குச் சமஸ்கிருதத்தில் ‘சாப’ அல்லது ‘தனுஸ்’, அரபில் ‘கௌஸ்’, இலத்தீனில் ‘ஆர்க்குஸ்’, தமிழில் வில். எல்லாவற்றுக்கும் பொருள் வில். நீங்கள் வரைந்த 8 மில்லிமீற்றர்க் கோட்டுக்குச் சமஸ்கிருதத்தில் ‘சர’, அரபில் ‘சஹ்ம்’, இலத்தீனில் ‘சகித்தா’. எல்லாவற்றுக்கும் பொருள் அம்பு. வில்லும் அம்பும் இருந்தால் நாணும் இருக்க வேண்டும். அரை நாண் என்ற எங்கள் கதை குடும்பத்தோடு பொருந்துகிறது.

அப்போது ஒரு கேள்வி வரும், வர வேண்டும்: வில்லையும் அம்பையும் பொருளால் மொழிபெயர்த்தவர்கள் நாணை மட்டும் ஏன் ஒலியோடு எடுத்தார்கள்? அரபில் ‘வத்தர்’ என்ற சொல் முழு நாணுக்கு வழங்கியது. அரை நாணுக்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பைக் கணிப்பென்றே எழுதுங்கள், உண்மையோடு கலக்காதீர்கள்.

எண்ணும் சாட்சி சொல்லும். ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தில் 24 ஜ்யாப் பெறுமானங்களுக்காக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலான வேறுபாடுகள் தரப்பட்டிருக்கின்றன. அங்கே ஆரை 3438, ஒவ்வொரு படியும் 225 கலை, அதாவது 3 பாகை 45 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). முதல் எட்டு வேறுபாடுகள் 225, 224, 222, 219, 215, 210, 205, 199. இவற்றைக் கூட்டுங்கள்: 1719. எட்டுப் படி என்றால் 30 பாகை. 1719 என்பது 3438இல் சரி பாதி.

இப்போது சோதனை. அந்த நூலில் ‘ஜ்யா’ என்பது முழு நாணைக் குறித்திருந்தால் 30 பாகை வில்லுக்கு ஏறத்தாழ 1780 வந்திருக்க வேண்டும். வந்தது 1719. ஆகவே அது அரை நாண், நாங்கள் இன்று சைன் என்று சொல்வதே. சொல் பற்றிய ஒரு சந்தேகத்தை ஒரு கூட்டல் தீர்த்துவைத்தது. கணிகருவி கேட்டதற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் இந்தக் கூட்டலைத் தாங்களே செய்து 1719ஐக் காணும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 499ஆம் ஆண்டு நூலோடு அவர்களுடைய விடை பொருந்துகிறது.

8. ஆண்டுகளை வரிசையாக வையுங்கள்

கால நிரலை இப்போது மேலிருந்து கீழே வாசியுங்கள். ஆரியபடீயம் 499. இந்திய வானியல் நூல்கள் பக்தாத்தில் அரபுக்குப் போனது 8ஆம் நூற்றாண்டில். இலத்தீன் சினுஸ் 12ஆம் நூற்றாண்டில். சைனின் வளைகோட்டை ஐரோப்பாவில் வரையத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்.

பெயர் வைத்து ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு வரைந்த படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க முடியாது. ‘வரைபடம் வளைவதால் வளைகுடா’ என்ற வசனம் இந்த இடத்தில் விழுந்துவிடும். பிழையான வேர்க்கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோசைனிலும் ஒரு பொறி இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அதில் விழுவார்கள். சமஸ்கிருதத்தில் கோசைனுக்கு ‘கோடிஜ்யா’ என்று பெயர். கோடி என்றால் முனை. ‘தெருக்கோடி’ என்று சொல்லும்போது நாங்களும் அதே பொருளில்தான் சொல்கிறோம். கோடிஜ்யாவிலும் ‘கோ’, கோசைனிலும் ‘கோ’. ஆகவே ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. கோசைனின் ‘கோ’ இலத்தீனில் நிரப்பி என்ற பொருளுள்ள சொல்லின் தொடக்கம். 90 பாகைக்கு நிரப்பும் கோணத்தின் சைன் என்பதைச் சுருக்கி ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் குண்டர் 1620இல் அப்படி எழுதினார். ஒலி ஒற்றுமை தற்செயல்.

ஆட்களின் பெயரில் கவனம். சினுஸ் என்று முதலில் எழுதியவர் கிரெமோனா ஜெரார்ட் என்று சிலர் எழுதுவார்கள், செஸ்டர் ரொபர்ட் என்று சிலர் எழுதுவார்கள். இப்படி முரண்பட்டால் ஆளை விட்டுவிட்டு நூற்றாண்டை எழுதுங்கள். 12ஆம் நூற்றாண்டு என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை.

9. தமிழ்ச் சொல்லுக்குத் தனி வழி போடுங்கள்

சைனின் பாதை முடிந்தது என்பதற்காக நாணின் பாதையும் முடிந்துவிடாது. தமிழ் நாண் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே அல்ல. அதற்குக் கொப்பியில் வேறு பக்கம் எடுங்கள்.

நாணின் பழைய வடிவம் ஞாண். இன்றும் அரைஞாண் கொடியில் அது உயிரோடு இருக்கிறது. இங்கே பிள்ளைகள் விழும் பள்ளம்: ‘ஜ்யா, ஞா, ஞாண், நாண்’ என்று ஒரு வரிசை போடுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஜ்யாவின் உறவினர் மேற்கே இருக்கிறார்கள், கிரேக்கத்தில் வில்லுக்கு வழங்கிய ‘பியோஸ்’ அதன் இனச் சொல். ஞாண் திராவிட வேர் அகராதியில் தனித் தலைச்சொல்லாக, தன் சொந்த இனத்தோடு நிற்கிறது. இரண்டு இனத்தாரும் வில்லைக் கண்டார்கள், கயிற்றுக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள்.

வெட்கத்தைக் குறிக்கும் நாண் இன்னொரு சொல். அதையும் கயிற்றோடு முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை வந்தது. 6ஆம் படிக்குத் திருப்பி அனுப்பினேன்.

ஆக்கிய சொற்களுக்கு வேரைவிட ஆக்கியவரைத் தேடுவதுதான் பயன் தரும். தொடலி, தாயம், படித்திறன் போன்றவை பாடசாலைக் கணிதத்தைத் தமிழில் கற்பிப்பதற்காக உருவானவை. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளையும் பழைய பாடநூல்களையும் பாருங்கள். ஒரு சொல் எந்தப் பதிப்பில் முதலில் வருகிறது, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன சொல் இருந்தது என்ற இரண்டு கேள்வி போதும்.

10. எழுதும் வரிசை

தேடியது பின்னோக்கி, எழுதுவது முன்னோக்கி. ஜ்யாவில் தொடங்கிச் சைனில் முடியுங்கள். வாசகருக்குக் காலம் ஒரே திசையில் ஓட வேண்டும்.

ஒரு மூட்டுக்கு ஒரு பந்தி. ஒவ்வொரு பந்தியிலும் மொழி, சாதாரணப் பொருள், காலம், ஒலியா பொருளா என்ற நான்கும் இருக்கட்டும். முதலாம் படியில் வரைந்த படத்தைக் கட்டுரையின் தலையில் வையுங்கள். வில், நாண், அம்பு என்று அதில் எழுதியிருந்தால் கீழே பாதி விளக்கம் தேவைப்படாது.

எழுதி முடித்ததும் கணிதம் படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் தன் அம்மம்மாவுக்கு வாசித்தான். உடுப்பின் மடிப்பு என்ற இடம் வந்ததும் அவர், ‘அப்ப நான் காசு முடிஞ்சு வைக்கிற மடிபோல?’ என்று கேட்டாராம். அந்த மூட்டு சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அடுத்துத் தேட ‘ஆரை’யை எடுங்கள், புதியவர்களுக்கு அளவான சொல். வண்டிச் சக்கரத்தில் குடத்திலிருந்து வட்டைக்கு ஓடும் கட்டைக்கு ஆரக்கால் என்று பெயர். ஆரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரேடியஸ்’ இலத்தீனில் அதே ஆரக்காலைக் குறித்த சொல். இரண்டுக்கும் இடையில் ஒலி வந்ததா, பொருள் வந்ததா, இல்லை இரண்டு ஊரிலும் சக்கரத்தைப் பார்த்துத் தனித்தனியே வைத்த பெயரா? முதலில் சக்கரத்தை வரைந்துவிட்டு அகராதியைத் திறவுங்கள்.